உன் டீம் எதுடா?

அம்மா கிரிக்கெட் பார்க்கிறவள் இல்லை. டி.வி. ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கமாக உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரிப்பாள், அவ்வளவுதான். எத்தனை ஓவர், எத்தனை விக்கெட் என்பதெல்லாம் அவளுக்கு அநாவசியம். ஆனால் தோனியைத் தெரியும். ஏதோ வெளியூரில் வேலை பார்க்கும் சொந்தக்காரப் பையனைப் போல, “வந்துட்டானா? அடிச்சானா?” என்று கேட்பாள். அப்படிப்பட்டவள் 2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு அன்றைக்கும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ திங்கட்கிழமைகளில் பதினொரு பேரை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது.

எங்கள் விளையாட்டு எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.பி.எல். சீசனில் ஆடும் ஃபேன்டஸி கிரிக்கெட்: நாங்கள் எழுதிக்கொடுக்கும் ஆட்டக்காரர்கள் நிஜ ஆட்டங்களில் எடுப்பதுதான் எங்களுக்குப் புள்ளி. எட்டுப் பேர். அக்கா, அத்தான், அக்கா மகன், இரண்டு சித்தப்பா பையன்கள், அலுவலக நண்பர்கள் இருவர், நான். திங்கட்கிழமை ஏழு மணிக்கு டாஸ் போடுவதற்குள் வாட்ஸ்அப்பில் பதினொரு பெயர் போட வேண்டும். பத்து அணிகளில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒரே அணியிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. ஒரு கீப்பராவது இருக்க வேண்டும். ரன்னுக்கு 1, விக்கெட்டுக்கு 25, கேட்ச்சுக்கு 8. கேப்டனுக்கு எல்லாம் இரட்டிப்பு. ஞாயிறு இரவு வரை யாரையும் மாற்ற முடியாது. கணக்கு பார்ப்பது அக்கா மகன். அவனுடைய எக்செல் தாளுக்கு மேல்முறையீடே கிடையாது. கடைசியில் வருகிறவர் எல்லோருக்கும் பரோட்டா வாங்க வேண்டும். காசு கட்டி ஆடும் செயலிகள் பக்கம் நாங்கள் போனதில்லை. 2025 ஆகஸ்டில் சட்டம் வந்து காசு ஆட்டங்கள் நின்றபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது, எங்கள் குழுவில் அத்தான் மட்டும் “பரோட்டாவுக்கும் தடை வருமா?” என்று கேட்டார். அந்த நேரத்தில் அதிகமாகப் பரோட்டா வாங்கியிருந்தவர் அவர்தான்.

அதற்கு முன்னால் அந்தப் பெருமை என்னுடையது. 2024 சீசனின் முதல் ஐந்து வாரத்தில் மூன்று வாரம் நான் கடைசி. காரணம் மற்ற ஏழு பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கீப்பர் என்ற இடத்தில் யோசிக்காமல் தோனி என்று எழுதிவிட்டுத்தான் மற்ற பத்துப் பேரை யோசிக்கவே ஆரம்பிப்பேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குள்

அந்த சீசனில் தோனி மோசமாக ஆடினார் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன். ஏப்ரல் 14 அன்று மும்பை வான்கடேயில் 4 பந்தில் 20 அடித்தார், சென்னை ஜெயித்ததும் சரியாக 20 ரன் வித்தியாசத்தில். சீசன் முழுக்க அவர் எடுத்தது 161 ரன், ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு ரன், 220க்கு மேல். இந்த இரண்டு எண்ணையும் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா மகன்தான் ஒருநாள் மூன்றாவது எண்ணைக் கேட்டான். “எத்தனை பந்து மாமா?” கூட்டிப் பார்த்தால் சீசன் முடிவில் 73. பதினான்கு ஆட்டத்துக்கு 73 பந்து. ஆட்டத்துக்கு ஐந்து பந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்துக்கு இரண்டு ரன்னுக்கு மேல் அடிக்கிற மனிதரே ஆனாலும், ஐந்து பந்தில் பத்து ரன்தான் வரும். அதே சீசனில் தொடக்கத்தில் இறங்கிய ருதுராஜ் கெய்க்வாட் 583 ரன். அடிக்கிற வேகத்தில் அவர் தோனிக்குப் பக்கத்தில்கூட வர முடியாது, ஆனால் நானூறு பந்துக்கு மேல் ஆடியிருக்கிறார்.

இது சின்ன விஷயம், எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்று தோன்றலாம். ஆனால் எனக்கு உறைக்க ஐந்து வாரமும் மூன்று முறை பரோட்டாவும் ஆனது. நாம் கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்தது ‘யார் பெரிய ஆட்டக்காரர்’ என்ற கேள்வியோடு. இந்த விளையாட்டு கேட்பது வேறு: இந்த வாரம் யாருக்கு வேலை அதிகம்? எத்தனை பந்து ஆடக் கிடைக்கும், எத்தனை ஓவர் போடக் கொடுப்பார்கள், எத்தனை நாள் மைதானத்தில் இருப்பார்? திறமை அதற்குப் பிறகுதான். சுனில் நரைனைப் பாருங்கள். 2023இல் 14 ஆட்டத்தில் அவர் எடுத்தது 21 ரன். 2024இல் 488. ஒரே வருடத்தில் ஒருவருக்குப் பேட்டிங் புதிதாக வந்துவிடுமா? கொல்கத்தா அவரை மறுபடி தொடக்கத்தில் இறக்கிவிட்டது, அவ்வளவுதான். இடம் மாறியது, பந்துகள் கிடைத்தன. கூடவே வழக்கமான நான்கு ஓவர், 17 விக்கெட். அந்த மாற்றத்தை முதல் வாரமே கவனித்தது எங்களில் அக்கா மட்டும்தான். கிரிக்கெட் பைத்தியம் இல்லாதவள் என்பதால் பெயரைப் பார்க்காமல் யார் முதலில் இறங்குகிறார்கள் என்று மட்டும் பார்த்திருக்கிறாள்.

ஆல்ரவுண்டர் என்ற சொல்லும் அப்படித்தான் ஏமாற்றும். ஆட்டத்தின் நடுவே ஓர் ஆளை மாற்றிக்கொள்ளும் இம்பாக்ட் பிளேயர் விதி 2023இல் வந்ததிலிருந்து ஷிவம் துபே மாதிரி ஒருவரைப் பேட்டிங்குக்கு மட்டும் இறக்கி, பந்துவீச்சுக்கு வேறு ஆளை உள்ளே கொண்டுவர முடிகிறது. பட்டியலில் ஆல்ரவுண்டர், களத்தில் வெறும் பேட்ஸ்மேன். துபேவுக்கும் வாஷிங்டன் சுந்தருக்கும் பந்து போட வாய்ப்பே கிடைப்பதில்லை என்று அப்போது இந்திய கேப்டனாக இருந்த ரோஹித் சர்மாவே அந்த ஏப்ரலில் வருத்தப்பட்டுப் பேசியிருந்தார். இந்திய அணிக்கு நல்லதா கெட்டதா என்பது அவர் கவலை. என் கவலை 25 புள்ளி.

பிட்ச் பார்த்து எடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேப்பாக்கம் என்றால் சுழல், கண்ணை மூடிக்கொண்டு ஸ்பின்னர் எழுது என்று அத்தான் சொல்வார். ஏப்ரல் 23 அன்று அதே சேப்பாக்கத்தில் சென்னை 210 அடித்தது. மார்கஸ் ஸ்டாய்னிஸ் 124 அடித்து லக்னோவை அதையும் துரத்த வைத்தார். எட்டு நாள் கழித்து, மே 1, அதே மைதானத்தில் பஞ்சாபின் ஹர்ப்ரீத் பிராரும் ராகுல் சாஹரும் சேர்ந்து எட்டு ஓவரில் 33 ரன் மட்டும் கொடுத்து நான்கு விக்கெட். வாரம் தொடங்குவதற்கு முன்பே எழுதிக்கொடுக்கிற எங்களுக்கு, பனி எப்போது விழும், எந்த ஆடுகளத்தில் ஆடுவார்கள் என்பதெல்லாம் ஜோசியம். ஆட்டத்துக்கு ஆட்டம் அணி மாற்றுகிறவர்கள் வேண்டுமானால் டாஸ் முடிந்து பதினொரு பேர் பட்டியல் வரும்வரை காத்திருந்து கெட்டிக்காரத்தனம் காட்டலாம்.

ஏப்ரல் 29

ஆறாவது வாரம் திங்கட்கிழமை, பிடிவாதமாகத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதலில் அட்டவணை. ஏப்ரல் 29 திங்கள் முதல் மே 5 ஞாயிறு வரை எட்டு ஆட்டம். கொல்கத்தாவுக்கு அதில் மூன்று. சென்னை, பஞ்சாப், லக்னோ, மும்பைக்கு இரண்டிரண்டு. டெல்லி, ஹைதராபாத், ராஜஸ்தான், பெங்களூரு, குஜராத் எல்லாம் ஒன்றே ஒன்று. இதை இவ்வளவு நாள் எண்ணிப் பார்க்காமல் இருந்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருந்தது. மூன்று ஆட்டம் ஆடும் சுமாரான தொடக்க ஆட்டக்காரர், ஒரே ஆட்டம் ஆடும் மகாராஜாவைவிட மேல். அத்தனை பேச்சு பேசிய நான் ஐந்து வாரமாக இந்தக் கூட்டல்கூடச் செய்யவில்லை.

கொல்கத்தாவிலிருந்து எடுக்க முடிந்த மூன்று பேர்: நரைன், வருண் சக்கரவர்த்தி, பில் சால்ட். நரைன் கேப்டன். சால்ட் கீப்பர். சால்ட் பெயரை எழுதியபோதுதான் கீப்பர் இடம் நிரம்பிவிட்டது தெரிந்தது. இன்னொரு கீப்பரை எடுக்கத் தடையில்லை, ஆனால் ஐந்து பந்துக்காக ஓர் இடத்தை வீணடிக்கவா? பேனாவை வைத்துவிட்டு ஒரு காபி குடித்தேன். நடராஜனையும் அப்படித்தான் விட்டேன். ஹைதராபாத்துக்கு ஒரே ஆட்டம். நம்மூர்ப் பையன் என்பதற்கு எக்செல்லில் பத்தி இல்லை.

சென்னையிலிருந்து கெய்க்வாட், ஜடேஜா. பஞ்சாபிலிருந்து யார்? இங்கேதான் நான் கொஞ்சம் கெட்டிக்காரனாகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஹர்ஷல் படேல். ரன் கொடுப்பார், ஒன்பது பத்தென்று கொடுப்பார். ரசிகனாகப் பார்த்தால் எரிச்சல் வரும். ஆனால் அவர் பந்து போடுவது கடைசி ஓவர்களில். அங்கே பேட்ஸ்மேன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றித்தான் ஆக வேண்டும். வேகம் குறைத்துப் போடுகிறவருக்கு விக்கெட் தானாக வந்து விழும். எங்கள் விதியில் கொடுத்த ரன்னுக்குக் கழிவு கிடையாது. 2021இல் 32 விக்கெட் எடுத்தவர், அந்த 2024லும் 24 எடுத்து, அதிக விக்கெட்டுக்கான ஊதாத் தொப்பி வாங்கினார். பஞ்சாபுக்கு அந்த வாரம் இருந்த இரண்டு ஆட்டமும் சென்னையோடுதான் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் எழுதினேன். ஆறு ஐம்பத்தைந்துக்கு அனுப்பினேன். குழுவில் முதலில் பதில் போட்டது சித்தப்பா பையன். “அண்ணே, தோனி பெயர் விட்டுப்போச்சு, திருத்திடுங்க.”

அன்று இரவே சால்ட் டெல்லிக்கு எதிராக 33 பந்தில் 68. வருண் 16 ரன்னுக்கு 3 விக்கெட். செவ்வாய்க்கிழமை டி20 உலகக் கோப்பை அணியை அறிவித்தார்கள். துபே பெயர் இருந்தது. துபேவைக் கேப்டனாகப் போட்டிருந்த அத்தான் குழுவில் மீசையை முறுக்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது, துபே அப்போது அடித்துக்கொண்டிருந்த அடி அப்படி. புதன்கிழமை சேப்பாக்கத்தில் துபே முதல் பந்தில் டக். அதே ஆட்டத்தில் தீபக் சாஹர் இரண்டு பந்து வீசிவிட்டு நொண்டிக்கொண்டு வெளியேறினார். அவரை எடுத்திருந்த அலுவலக நண்பர் அத்தோடு பேசுவதை நிறுத்தினார். இதற்கெல்லாம் எந்தக் கணக்கும் உதவாது.

தர்மசாலா

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்குப் பஞ்சாபோடு ஆட்டம். பின்னால் பனிமலை, முன்னால் மஞ்சள் கூட்டம். அக்கா குடும்பமும் வீட்டுக்கு வந்திருந்தது. துபே மறுபடி முதல் பந்தில் டக். அத்தான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். சென்னை தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தது, ஜடேஜா மட்டும் ஒரு முனையைப் பிடித்திருந்தார். மிட்செல் சான்ட்னர் வந்தார், ஷர்துல் தாக்கூர் வந்தார், தோனி வரவில்லை. ஒன்பதாவதாக இறங்கப்போகிறார் என்பது புரிந்தபோது அறையில் எல்லோரும் புலம்பினார்கள். எனக்குள் ஒருவன் மட்டும், பார்த்தாயா, எடுக்காமல் விட்டது எவ்வளவு நல்லது என்றான்.

19ஆவது ஓவர் ஹர்ஷல். தாக்கூர் போனார். 25. தோனி உள்ளே நடந்து வந்தார். அந்த மலையடிவாரத்தில் எழுந்த சத்தம் உங்களுக்கும் நினைவிருக்கும். அம்மா நார் உரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். முதல் பந்து. வேகம் குறைத்து உள்ளே இறங்கிய யார்க்கர். தோனி பேட்டைச் சுற்றினார், ஸ்டம்ப் சாய்ந்தது.

மைதானம் அடங்கிப்போனது. ஹர்ஷல் கொண்டாடவில்லை. கையை உயர்த்தவில்லை, கத்தவில்லை; பேசாமல் நின்றார். தோனி மேல் அவ்வளவு மரியாதை, அதனால்தான் கொண்டாடவில்லை என்று பிறகு அவரே சொன்னார். அந்தப் பந்தைப் போட்டவரே சும்மா நின்ற நேரத்தில், தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக் கூடத்தில் நாற்காலியை விட்டு எழுந்து, முஷ்டியை மடக்கி, “யெஸ்” என்று கத்தினேன். அடுத்தடுத்து இரண்டு பந்து, ஐம்பது புள்ளி. கை தானாகப் போனது. மூளை அப்புறம்தான் வந்து சேர்ந்தது.

அம்மா என்னையும் டி.வி.யையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்திருக்கிறாள் பாவம். “ஏண்டா, தோனிதானே அவுட்டானான்?”

“ஆமாம்மா. போட்டவன் என் டீம்.”

“உன் டீம் எதுடா?”

அத்தான் சிரித்தார். அக்கா மகன் சிரிக்கவில்லை, ஃபோனில் 50 புள்ளியை ஏற்றிக்கொண்டிருந்தான். அம்மா மறுபடி அவரைக்காய்க்குக் குனிந்துகொண்டாள். கேலியாகக் கேட்கவில்லை, கோபமாகவும் இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள். அதுதான் குத்தியது.

சென்னை 167இல் நின்று, பிறகு ஜடேஜா மூன்று விக்கெட் எடுத்து, 28 ரன்னில் ஜெயித்தது. இரவு லக்னோவில் நரைன் 39 பந்தில் 81 அடித்தார், இரட்டிப்பு. அந்த வாரம் நான் முதலிடம். வாழ்க்கையில் முதல் தடவை. அத்தான் பரோட்டா வாங்கி வந்தார், சால்னா நன்றாகவே இருந்தது. சாப்பிட்ட கை காயும்வரை உட்கார்ந்து, அந்த ‘யெஸ்’ எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சேப்பாக்கத்தில் மஞ்சள் சட்டை போட்டு வெயிலில் வரிசை நின்றவன் கத்தியதா அது? 2010இல் தர்மசாலாவில் இதே பஞ்சாப் அணிக்கு எதிராகத் தோனி கடைசி ஓவரில் அடித்துவிட்டுத் தன் ஹெல்மெட்டிலேயே குத்திக்கொண்டாரே, அதைப் பார்த்து அழுதவன்தானே நான்?

இதற்கு ஒரு சமாதானம் உண்டு. இப்படி ஆடுவதால்தான் எந்த அணி ஆடினாலும் பார்க்கிறோம், மற்ற ஊர் ஆட்டக்காரர்களையும் ரசிக்கக் கற்கிறோம் என்பார்கள். பொய்யில்லை. பிராரின் பந்துவீச்சை நான்கு ஓவர் முழுசாகக் கவனித்தது அந்த வாரம்தான். ஆனால் ரசித்தேனா, எண்ணினேனா? நல்ல பந்து போட்டு விக்கெட் விழாவிட்டால் எரிச்சல்படுகிறேன், மட்டமான பந்தில் கேட்ச் போனால் துள்ளுகிறேன். கவனிப்பு கூடியது நிஜம். எதைக் கவனிக்கிறேன் என்பது மாறிவிட்டதும் நிஜம்.

கணக்கும் ஒரு வாரத்துக்குத்தான் கூட வந்தது. மே 6 தொடங்கிய வாரத்தில் குஜராத்துக்கு ஒரே ஆட்டம். கெய்க்வாடை வைத்துக்கொண்டு, குஜராத்தின் சாய் சுதர்சன் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். தமிழ்நாட்டு லீக்கான டி.என்.பி.எல். நாட்களிலிருந்து பார்த்துவரும் பையன், ஆனாலும் ஓர் ஆட்டத்துக்கு ஓர் இடமா? மே 10, அகமதாபாத். சுப்மன் கில் 104, சாய் 103, முதல் விக்கெட்டுக்கு 210. எதிரணி சென்னை. சாய் ஒவ்வொரு பவுண்டரியாக அடிக்க, ‘எடுத்திருக்கலாமே’ என்றும், ‘நம்மையே அடிக்கிறானே’ என்றும், ‘நம்ம ஊர்ப் பையன்தானே’ என்றும் மூன்று பேர் உள்ளே சண்டை போட்டார்கள். அந்த வாரம் ஆறாம் இடம்.

மாமா வரி

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன். சென்னைக்கு எதிராகப் பந்து வீசப்போகிறவரை அந்த வாரம் எடுப்பதில்லை. எதிரணி பேட்ஸ்மேனை எடுப்பேன். அவர் ரன் அடித்தால் வலிக்கும், தாங்கிக்கொள்ளலாம். நம் ஆள் அவுட்டாக வேண்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் முடியாது. முட்டாள்தனமான விதி. எந்தக் கணக்கிலும் சேராது. தோனியை மறுபடி எடுக்க ஆரம்பித்தேனா என்றால் அதுவும் இல்லை. அவ்வளவு பைத்தியம் தெளிந்துவிட்டது.

அக்கா மகன் எக்செல்லில் புதிதாக ஒரு பத்தி திறந்துவிட்டான். தலைப்பு: ‘மாமா வரி’. என் விதியால் நான் விட்ட விக்கெட்டுகளின் மதிப்பு. சீசனுக்கு சீசன் கூட்டிக்கொண்டே போகிறான்.

2025 மார்ச் 28, சேப்பாக்கம், பெங்களூரோடு ஆட்டம். 2008க்குப் பிறகு அங்கே ஜெயிக்காத அணி அன்று ஜெயித்தது, அதுவும் 50 ரன்னில். ஜோஷ் ஹேசில்வுட் 21 ரன்னுக்கு 3. பெங்களூருக்கு அந்த வாரம் ஒரே ஆட்டம், எப்படியும் அவரை எடுத்திருக்க மாட்டேன் என்று வாதாடலாம். அவன் ஒப்புக்கொள்ள மாட்டான். ஆட்டம் கைவிட்டுப்போன பிறகு, அஸ்வினும் போன பிறகு, மறுபடியும் ஒன்பதாவது ஆளாகத் தோனி இறங்கினார். கூட்டம் கத்திய கத்தலில் அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “வந்துட்டானா?”

“வந்துட்டான்மா. ஆனா மேட்ச் முடிஞ்சுபோச்சு.”

“இருக்கட்டும்” என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். 16 பந்தில் 30. கடைசி ஓவரில் இரண்டு சிக்ஸர். அம்மா இரண்டுக்கும் கை தட்டினாள். எனக்கு ஃபோன் அதிர்ந்தது. “ஹேசில்வுட் 3 விக்கெட். மாமா வரி 75.” ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டி.வி. சத்தத்தைக் கூட்டினேன்.